மாற்றுத்திறனாளிகள் சிரமமில்லாமல் ஓட்டுப் போட: படிவம் 8 முதல் பீப் சத்தம் வரை

வாக்குச்சாவடி வாசலில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி, அன்றைக்குத் தீர்க்கவே முடியாதவை. மூன்று மாதம் முன்பு ஒரு படிவம் கொடுத்திருந்தால் அவை வந்தே இருக்காது. அதனால் இந்த வழிகாட்டியில் வாக்குப்பதிவு நாள் கடைசியில்தான் வரும். வரிசையை மாற்றாமல் படியுங்கள். ஒரு படி தவறினால் அடுத்த படி திறக்காது.

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில் நடக்கும் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கு. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதன் விதிகள் தனி.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

வாக்காளர் அடையாள அட்டை, மாற்றுத்திறனாளி சான்றிதழ், யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை), ஒரு கைபேசி எண். இந்த நான்கு போதும்.

சான்றிதழில் சதவீதத்தைப் பாருங்கள். வீட்டிலிருந்தே வாக்களிக்க 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வைத்திருக்கும் எல்லை அது. சாவடிக்குப் போய் வாக்களிக்க அப்படி எந்தச் சதவீதமும் தேவையில்லை.

யுடிஐடி இன்னும் எடுக்காதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள். வாக்காளர் அட்டை தொலைந்துபோனால் காட்டக்கூடிய மாற்று ஆவணங்களின் பட்டியலில் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் ஆகியவற்றோடு யுடிஐடியும் இருக்கிறது. ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டுக்கு வரும் பூத் சிலிப்பும் அடையாள ஆவணம் ஆகாது. இது தெரியாமல் சிலிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து திரும்பிப் போகிறவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. நடப்பதே சிரமமானவருக்கு அந்த இரண்டாவது நடை சின்ன விஷயமில்லை.

2. பட்டியலில் பெயர் மட்டும் போதாது

பெயர் இருக்கிறதா என்று பார்த்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் மாற்றுத்திறனாளி என்ற குறிப்பு தேர்தல் ஆணையத்தின் தரவில் ஏறியிருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. அந்தக் குறிப்பு இருந்தால்தான் வீட்டு வாக்குக்கான படிவத்தோடு வாக்குச்சாவடி நிலை அலுவலர் (உங்கள் பகுதியின் வாக்காளர் பட்டியலைக் கவனிப்பவர்) உங்கள் வீட்டைத் தேடி வருவார். எந்தச் சாவடிக்குச் சக்கர நாற்காலி, எங்கே பிரெய்ல் தாள், எத்தனை தன்னார்வலர்கள் என்று திட்டமிடுவதும் அந்தக் கணக்கை வைத்துத்தான்.

புதிதாகப் பெயர் சேர்ப்பவர்கள் படிவம் 6 நிரப்புவார்கள். அதில் குறைபாட்டு வகைக்கு ஒரு பகுதி உண்டு. கட்டாயமில்லை என்பதால் கணினி மையத்தில் நிரப்பித் தருகிறவர் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுவார். பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பெயர் உள்ளவர்களுக்குப் படிவம் 8. முகவரி மாற்றம், பிழைத் திருத்தம், அட்டை மாற்று, மாற்றுத்திறனாளி எனக் குறித்தல் ஆகிய நான்குக்கும் இதே படிவம்தான். மேலே எதற்காக என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் கடைசியாகச் சொன்னதைக் குறியுங்கள். பிறகு வகை, சதவீதம், சான்றிதழ் நகல். வோட்டர்ஸ் டாட் இசிஐ டாட் கவ் டாட் இன் தளத்தில் செய்யலாம். ஆணையத்தின் சாக்ஷம் செயலி மாற்றுத்திறனாளிகளுக்கென்றே உருவானது, அதிலும் செய்யலாம். பல செயலிகளையும் ஈசிஐநெட் என்ற ஒன்றுக்குள் கொண்டுவரும் வேலை 2025-இல் தொடங்கியதால், ஒரு பெயரில் கிடைக்காவிட்டால் மற்றதில் தேடுங்கள். இணையம் ஒத்துவராதவர்கள் படிவத்தைக் காகிதத்தில் நிரப்பி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். அவர் யார் என்று தெரியவில்லையா? 1950-க்கு அழைத்து உங்கள் வாக்காளர் அட்டை எண்ணைச் சொன்னால் சொல்வார்கள்.

இதற்குக் கெடு என்ன? வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் மூடப்படும். விண்ணப்பத்தைச் சரிபார்க்க அவர்களுக்கும் நாள் வேண்டும் என்பதால், அதற்குப் பத்து நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். ஆனால் தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருப்பதே தவறு. இன்றைக்கே செய்யலாம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கிப் பட்டியல் புதிதாக எழுதப்பட்டதால், பழைய நம்பிக்கையில் இருப்பவர்களும் ஒருமுறை பெயரையும் குறிப்பையும் பார்த்துவிடுவது நல்லது.

மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவரின் பெயரைச் சேர்க்கவே பெற்றோர் தயங்குவதைப் பார்க்கிறேன். சட்டப்படி, சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்திருந்தால்தான் பெயர் சேர்க்க முடியாது. மருத்துவச் சான்றிதழில் ஒரு வரி இருப்பது அதற்குச் சமமில்லை. அக்கம்பக்கத்தார் பேச்சு நிச்சயமாக இல்லை.

3. வீடா, சாவடியா: இப்போதே முடிவெடுங்கள்

இரண்டு வழி உண்டு. வீட்டுக்கே அலுவலர்கள் வந்து தபால் வாக்குச்சீட்டில் வாக்குப் பெறுவது ஒன்று. சாவடிக்குப் போய் இயந்திரத்தில் போடுவது இன்னொன்று. வீட்டு வாக்கு யாருக்கும் கட்டாயமில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் படிவத்தை நீட்டும்போது, ஏதோ அரசாங்கக் காகிதம் என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அதை ஏற்றுக்கொண்டதும் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே தபால் வாக்கு என்று குறித்துவிடுவார்கள். அப்புறம் சாவடிக்குப் போனால் வாக்களிக்க முடியாது.

எழுந்து உட்காரவே முடியாதவர், பயணம் செய்தால் உடம்புக்கு ஆபத்து என்பவர், இவர்களுக்கு வீட்டு வாக்குதான் சரி, யோசிக்கவே வேண்டாம். பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு நான் சாவடியைத்தான் சொல்வேன். தபால் வாக்கு என்பது அச்சிட்ட சீட்டில் பேனாவால் குறிப்பது. பார்வை இல்லாதவர் யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும். சாவடி இயந்திரத்தில் பிரெய்ல் எண்கள் இருப்பதால் தன் கையாலேயே, யாருக்கும் தெரியாமல் போடலாம். வீடு வசதிதான், ரகசியம் சாவடியில்தான் கிடைக்கும்.

கால் முறிந்து கட்டோடு இருப்பவர் வீட்டு வாக்கு கேட்க முடியாது. அவருக்குச் சான்றிதழும் இல்லை, பட்டியலில் குறிப்பும் இல்லை. சாவடிக்கு வந்து உதவி கேட்கலாம். மாற்றுத்திறனாளி இல்லாத முதியவர்களுக்கு வீட்டு வாக்கின் வயது வரம்பு 2024 மார்ச்சில் 80-இலிருந்து 85 ஆக உயர்ந்தது. பழைய கணக்கில் காத்திருக்காதீர்கள்.

4. படிவம் 12டி: ஐந்து நாள்தான்

வீட்டு வாக்கு கேட்பது படிவம் 12டி-யில். தேர்தல் தேதி செய்தியில் வரும் நாள் வேறு, அறிவிக்கை முறைப்படி வெளியாகும் நாள் வேறு. ஐந்து நாள் கெடு ஓடத் தொடங்குவது இரண்டாவதிலிருந்து. 2024 மக்களவைத் தேர்தலில் தேதிகளை அறிவித்தது மார்ச் 16, தமிழ்நாட்டுக்கான அறிவிக்கை வந்தது மார்ச் 20, வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அதாவது ஓட்டுக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கும்போதே இந்த வாசல் மூடிவிடும். அநேகம் பேர் தவறவிடுவது இங்கேதான்.

படிவத்தோடு சான்றிதழ் நகலை இணையுங்கள். கைபேசி எண்ணைத் தவறாமல் எழுதுங்கள், வரும் நாளை அதில்தான் சொல்வார்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வரவில்லையென்றால் காத்திருக்காமல், குடும்பத்தில் ஒருவரைத் தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகத்துக்கே அனுப்பிவிடுங்கள்.

5. குழு வீட்டுக்கு வரும் நாள்

இரண்டு வாக்குப்பதிவு அலுவலர்கள், காவலர், வீடியோ எடுப்பவர் என்று நான்கைந்து பேர் வருவார்கள். வேட்பாளர்களின் முகவர்களும் கூட வரலாம். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு இந்தக் கூட்டமே பதற்றம் தரும். படுத்திருப்பவரை அப்போதுதான் அவசரமாகத் தூக்கி உட்காரவைப்பதும் நடக்கும். வரும் நேரம் தெரிந்தால் அதற்கு முன்பே முகம் கழுவி, சாய்ந்து உட்காரவைத்து, எழுத ஒரு பலகையையும் மூக்குக்கண்ணாடியையும் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அடையாள அட்டையையும் எடுத்து வையுங்கள்.

முதலில் படிவம் 13ஏ என்ற உறுதிமொழி. அதில் வாக்காளர் கையெழுத்தோ கைரேகையோ வைக்க, அலுவலர் சான்றளிப்பார். அப்புறம் வாக்குச்சீட்டு. அட்டை மறைப்பு ஒன்றை வைத்து மற்றவர்கள் விலகி நிற்க வேண்டும். வீடியோ எடுப்பவரும் அந்த நேரத்தில் சீட்டைப் படம் பிடிக்கக் கூடாது. விலகவில்லை என்றால் விலகச் சொல்லுங்கள், சொன்னால் கேட்பார்கள்.

சீட்டில் வேட்பாளருக்கு எதிரே ஒரே ஒரு குறி. கையெழுத்தோ பெயரோ போட்டுவிட்டால் வாக்கு செல்லாது. வயதானவர்கள் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் பழக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குறித்த சீட்டு மட்டும் சின்ன உறைக்குள். அந்த உறையும் உறுதிமொழியும் சேர்ந்து பெரிய உறைக்குள். உறுதிமொழியைச் சின்ன உறைக்குள் சீட்டோடு போட்டு ஒட்டிவிட்டால் எண்ணும்போது தள்ளுபடியாகும்.

தானாகக் குறிக்க முடியாதவர் தனக்கு நம்பிக்கையான, வயது வந்த ஒருவரின் உதவியை இங்கேயும் பெறலாம். குழு வரும்போது ஆளில்லை என்றால் இன்னொருமுறை வருவார்கள். அதுதான் கடைசி. மருத்துவமனைத் தேதி இருந்தால் முன்பே தெரிவித்துவிடுங்கள்.

6. சாவடியை முன்னதாகப் பார்த்துவிடுங்கள்

சாவடியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இனி உள்ளவை. பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான் சாவடி. தரைத்தளத்தில் இருக்க வேண்டும், சாய்வுதளம் வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவும் எல்லா வாக்குச்சாவடிகளும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் சாய்வுதளம் இருப்பது வேறு, அதில் ஏற முடிவது வேறு.

பார்க்க வேண்டியது மூன்று இடம். கேட்டிலிருந்து சாய்வுதளம் வரை மணலா, ஜல்லியா என்று முதலில். மணலில் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் புதைந்துவிடும். அடுத்து சரிவு: 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. இரண்டு படி உயரத்துக்கு நான்கடிப் பலகை சாய்த்திருந்தால் அது ஆபத்து. மூன்றாவது வகுப்பறையின் நிலைப்படி. சாய்வுதளத்தைத் தாண்டி வந்தபிறகு இந்த மூன்று அங்குலத்தில் நின்றுபோனவர்கள் உண்டு.

குறை இருந்தால் சாக்ஷம் செயலியிலோ 1950-லோ அப்போதே சொல்லுங்கள். சக்கர நாற்காலி, வாகன வசதி ஆகியவற்றையும் அங்கேதான் கேட்க வேண்டும். தேர்தலுக்கு முந்தின நாள் சொன்னால் யாருக்கும் நேரம் இருக்காது.

வாகனத்தில் ஒரு எச்சரிக்கை. கட்சிக்காரர்கள் ஆட்டோ அனுப்புகிறோம் என்பார்கள். வேட்பாளர் தரப்பு வாக்காளர்களை இலவசமாக ஏற்றிப்போவது தேர்தல் சட்டப்படி முறைகேடு. அதில் ஏறாதீர்கள், சொந்த வண்டி, இல்லையென்றால் நிர்வாகம் ஏற்பாடு செய்வது.

7. பொத்தான் எண்ணை மனதில் ஏற்றுங்கள்

வேட்புமனு திரும்பப் பெறும் நாள் முடிந்ததும் இறுதிப் பட்டியல் வரும். அதில் உள்ள வரிசை எண்தான் இயந்திரத்திலும் இருக்கும். பார்வை மாற்றுத்திறனாளிகள் அன்றே அந்த எண்ணைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கைபேசியில் குறித்துக்கொண்டு போகலாம் என்று நினைக்க வேண்டாம். சாவடிக்குள் கைபேசிக்கு அனுமதி கிடையாது, வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இயந்திரத்தின் அமைப்பு இப்படி: இடமிருந்து வலமாக எண், பெயர், படம், சின்னம், சிவப்பு விளக்கு, நீலப் பொத்தான். பொத்தானுக்கு வலப்பக்க ஓரத்தில் பிரெய்ல் எண் புடைத்திருக்கும். வலது விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே விரலை ஓட்டினால் கிடைக்கும். கீழிருந்து எண்ணாதீர்கள். வேட்பாளர் இல்லாத பொத்தான்களை மூடி மறைத்திருப்பார்கள், அவற்றுக்கு மேலே நோட்டாவும் இருக்கும், கணக்கு தவறிவிடும்.

ஒரு இயந்திரத்தில் 16 பொத்தான்தான். அதற்கு மேல் போனால் பக்கத்தில் இன்னொரு இயந்திரம் வைப்பார்கள். 17-ஆவது வேட்பாளர் இரண்டாவது இயந்திரத்தின் முதல் பொத்தானில் இருப்பார். 2023-இல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் போட்டியிட்டதால் ஐந்து இயந்திரங்கள் வரிசையாக இருந்தன. ஆகவே ‘எத்தனாவது இயந்திரம், அதில் எத்தனாவது பொத்தான்’ என்று இரண்டையும் நினைவில் வையுங்கள்.

பிரெய்ல் படிக்கத் தெரிந்தவர்களுக்கு, வேட்பாளர் பெயர்கள் பிரெய்லில் உள்ள மாதிரித் தாள் வாக்குச்சாவடி தலைமை அலுவலரிடம் இருக்கும். அவர்களாகக் கொடுப்பது அபூர்வம். கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

8. துணைக்கு யார்?

தேர்தல்களை நடத்தும் விதிகள் 1961-இல் விதி 49என் இதற்கானது. பார்வை இல்லாததாலோ வேறு உடல் இயலாமையாலோ சின்னத்தை அடையாளம் காணவோ பொத்தானை அழுத்தவோ முடியாதவர், துணைக்கு ஒருவரை மறைவிடத்துக்குள் அழைத்துப் போகலாம். துணைக்கு வருபவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். உறவினராக இருக்க வேண்டியதில்லை. வாக்கை ரகசியமாக வைப்பேன் என்று அவர் எழுதித் தர வேண்டும். தலைமை அலுவலர் படிவம் 14ஏ-இல் பதிவு செய்வார். துணைக்கு வந்தவரின் வலது ஆள்காட்டி விரலில் மை வைப்பார்கள்.

அந்த மைக்குக் காரணம் உண்டு. ஒரு நாளில் ஒருவர் ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணையாக இருக்க முடியும். கணவன், மனைவி இருவருக்கும் பார்வை இல்லை, மகன் ஒருவன்தான் என்றால் இருவருக்கும் அவனே உள்ளே போக முடியாது. இன்னொருவரை முன்பே பேசி வையுங்கள். விடுதிகளிலும் இல்லங்களிலும் இருப்பவர்களை ஒரே பொறுப்பாளர் அழைத்துவந்து வாசலில் தவிப்பது இதனால்தான்.

வாக்குச்சாவடி அலுவலர்கள் யாரும் துணையாக வரக்கூடாது. ‘நானே அமுக்கிவிடுகிறேன், எந்தச் சின்னம் சொல்லுங்கம்மா’ என்று யாராவது நல்ல மனதோடு கேட்டாலும் மறுத்துவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாது என்பது மட்டும் துணை கேட்கக் காரணம் ஆகாது.

துணை என்பது உரிமைதான், கட்டாயம் இல்லை. பார்வை இல்லாதவர் வந்ததும் ‘கூட யாரு?’ என்று கேட்டு, துணை இல்லாமல் அனுப்பத் தயங்கும் அலுவலர்கள் இருக்கிறார்கள். ‘நான் பிரெய்ல் பார்த்து நானே போடுகிறேன்’ என்று தெளிவாகச் சொன்னால் போதும்.

9. வாக்குப்பதிவு நாள்

மாற்றுத்திறனாளிகள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வாசலில் உள்ள காவலரிடமோ தன்னார்வலரிடமோ சொன்னால் முன்னே விடுவார்கள். வாகனங்களைப் பொதுவாக வெளியிலேயே நிறுத்திவிடுவதால், சக்கர நாற்காலியை கேட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். தள்ளுகிறவர் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி மாணவராக இருப்பார். ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது பின்னோக்கி என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். முன்னோக்கி இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் சரிந்து விழக்கூடும்.

உள்ளே நுழைந்ததும் முதல் அலுவலரிடமே உங்கள் தேவையைச் சொல்லுங்கள்: துணை வேண்டும், பிரெய்ல் தாள் வேண்டும், காது கேட்காது. மறைவிடத்துக்குப் போனபிறகு சொன்னால் குழப்பம்தான். காது கேளாதவர்கள் பெயர் கூப்பிடுவதற்குக் காத்திராமல் பூத் சிலிப்பை நீட்டிவிடுவது நல்லது. அதில் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் இருப்பதால் பேச்சே தேவைப்படாது.

அடுத்தவர் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்தோ கைரேகையோ வாங்குவார். இடது ஆள்காட்டி விரல் இல்லாதவருக்கு இடக்கையின் வேறு விரல், இடக்கையே இல்லாவிட்டால் வலக்கை, விரல்களே இல்லாவிட்டால் கையில் எஞ்சியிருக்கும் நுனி. விதியே இப்படித்தான் சொல்கிறது, யாரும் தடுமாற வேண்டியதில்லை.

மூன்றாமவர் கட்டுப்பாட்டுக் கருவியில் உங்கள் வாக்கைத் திறந்துவிடுவார். அதன் பிறகுதான் பொத்தான் வேலை செய்யும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு மேல் பொத்தான்கள் எட்டாமல் போகலாம். நாற்காலியை மேசைக்கு நேராக விடாமல் பக்கவாட்டில் அணைத்து நிறுத்தினால் பெரும்பாலும் எட்டிவிடும்.

பொத்தானை அழுத்தியதும் கிளம்பிவிடாதீர்கள். பக்கத்தில் உள்ள விவிபாட் கருவியில், நீங்கள் போட்ட சின்னத்தைக் காட்டும் சீட்டு 7 நொடி தெரிந்து, அறுந்து விழுந்த பிறகுதான் நீண்ட பீப் சத்தம் வரும். பார்வை இல்லாதவர்களுக்கு வாக்கு பதிவானதற்கு அந்தச் சத்தம் ஒன்றுதான் அடையாளம். சத்தம் உடனே வராததால் சரியாக அமுங்கவில்லையோ என்று பயந்து வேறு பொத்தான்களைத் தேடுகிறவர்கள் உண்டு. காது கேளாதவர்கள் சிவப்பு விளக்கையும் சீட்டையும் பார்த்தால் போதும்.

10. ஏதாவது தடங்கல் வந்தால்

சாவடிக்குள் முடிவெடுப்பவர் வாக்குச்சாவடி தலைமை அலுவலர். முதலில் அவரிடம், விதி எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். ‘விதி 49என்’ என்று சொன்னதும் கையேட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். அவர் மசியாவிட்டால் மண்டல அலுவலர்; சுற்றியுள்ள பல சாவடிகளுக்கு அவர்தான் பொறுப்பு. அடுத்து 1950.

சி-விஜில் செயலியில் இதைப் பதிவு செய்யாதீர்கள். அது பணப் பட்டுவாடா போன்ற நடத்தை விதிமீறல்களுக்கானது. சாய்வுதளப் புகார் அங்கே தள்ளுபடியாகும். எங்கே புகார் செய்தாலும் தொகுதிப் பெயர், பாகம் எண், பள்ளியின் பெயர், நேரம் ஆகிய நான்கையும் சொல்லுங்கள். ‘எங்க ஏரியா ஸ்கூல்’ என்று சொன்னால் ஆளனுப்ப முடியாது. ஒரே பள்ளியில் ஐந்தாறு சாவடி இருக்கும்.